டிஜிகேம்: நாலாயிரம் படத்திலிருந்து நானூறைப் பிரிக்க

கல்யாண போட்டோகிராபர்களிடம் கேமரா பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், லென்ஸ் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார்கள். மண்டபத்திலிருந்து திரும்பி வந்து கார்டை கம்ப்யூட்டரில் செருகிய பிறகு நடக்கிற வேலையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. தொழிலில் பெரும்பாதி நேரம் போவது அங்கேதான். மாலையில் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம், இரண்டு கேமரா என்றால் நாலாயிரம் படம் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். ஆல்பத்துக்குப் போகப்போவது அதில் நானூறு இருக்கலாம். மீதியைப் பார்த்து, ஒப்பிட்டு, கழித்து, நேரப்படி அடுக்கி, பெயர் மாற்றி, அப்புறம்தான் கலர் கரெக்‌ஷன் என்ற பேச்சுக்கே வர முடியும்.

இந்த வேலைக்கு நான் வைத்திருப்பது டிஜிகேம். காசு கொடுக்க வேண்டாத, கேடிஇ என்ற தன்னார்வலர் குழுவினர் உருவாக்கி வரும் திறந்த மூல மென்பொருள். 2001-ல் தொடங்கிய திட்டம், இன்றைக்கும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் அடோபியின் லைட்ரூம் என்ற கட்டண மென்பொருள் தெரிந்த அளவுக்கு இது தெரியாது, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு படத்தைப் பார்த்து வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்ய மூன்று நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாயிரம் படத்துக்குப் பன்னிரண்டாயிரம் நொடி, அதாவது 3 மணி 20 நிமிடம். இது கண்ணுக்கும் மூளைக்கும் உரிய நேரம், இதைக் குறைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு படமும் திரையில் தெளிவாக வர ஒரு நொடி கூடுதலாகக் காத்திருக்க வைத்தால் அதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகப் போகும். அதோடு, அந்த ஒரு நொடிக்குள் முந்தைய படம் மனதிலிருந்து நழுவிவிடும், மறுபடி பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றும். ஆகவே செலக்‌ஷன் மென்பொருளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, அடுத்த படம் சட்டென்று வருகிறதா என்பதுதான். மற்றதெல்லாம் பிறகு.

ரா ஃபைல்களைத் திறக்கத் தாமதமாவதற்குக் காரணம் இருக்கிறது. சென்சார் தந்த மூலத் தரவைக் கணக்குப் போட்டுப் படமாக்க வேண்டும், 24 மெகாபிக்சல் என்றால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு வேலை. ஆனால் கேமரா ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் ஒரு ஜேபெக் படத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். அந்த ஜேபெக்கை மட்டும் எடுத்துக் காட்டினால் காத்திருக்க வேண்டியதே இல்லை. பத்திரிகை போட்டோகிராபர்கள் கொண்டாடும் போட்டோ மெக்கானிக் என்ற கட்டண மென்பொருளின் வேகத்துக்கு ரகசியம் இதுதான். டிஜிகேமிலும் இந்த வசதி உண்டு: செட்டிங்ஸில் பிரிவியூ பகுதிக்குப் போய், ரா படங்களுக்கு உள்ளே பொதிந்திருக்கும் பிரிவியூவையே காட்டச் சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யாமல் "டிஜிகேம் ரொம்ப ஸ்லோ" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், செய்த பிறகும் போட்டோ மெக்கானிக் அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகாது. ஆனால் கல்யாண வேலைக்கு இந்த வேகம் தாராளம். அன்று மாலைப் பதிப்புக்கே படம் அனுப்ப வேண்டிய அவசரம் நமக்கு இல்லையே.

பிரித்தெடுப்பது விசைப்பலகையிலேயே முடிந்துவிடும். ஆல்ட்டோடு 1 தட்டினால் கழிவு, 2 தட்டினால் பிறகு பார்க்கலாம், 3 தட்டினால் தேர்வு. கண்ட்ரோலோடு எண் தட்டினால் அத்தனை நட்சத்திரம். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த படம். லைட்ரூமில் ஒற்றை விரலால் பி, எக்ஸ் என்று தட்டிப் பழகியவர்களுக்கு முதலில் இரண்டு விசை எரிச்சலாக இருக்கும், வேண்டுமானால் குறுக்கு விசைகளை மாற்றிக்கொள்ளலாம். நான் முதல் சுற்றில் கழிவை மட்டும்தான் குறிப்பேன். நல்லதைத் தேடிக்கொண்டே போனால் ஒவ்வொரு படத்திலும் நின்றுவிடுவோம். கெட்டதைத் தேடினால் கை வேகமாகப் போகும். ஃபோகஸ் தவறியது, ஃபிளாஷ் அடிக்காதது, குறுக்கே வீடியோக்காரர் தலை வந்தது, இதெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடும். பிறகு ஃபில்டரில் கழிவை மறைத்துவிட்டு இரண்டாம் சுற்று.

மேடையில் வரிசையாக வந்து நின்று எடுத்துக்கொள்ளும் குடும்பப் படங்கள்தான் நேரத்தைத் தின்பவை. எட்டுப் பேர் நிற்கிறார்கள், மூன்று நான்கு கிளிக் அடிக்கிறோம், முதல் படத்தில் பெரியப்பா கண் மூடியிருக்கிறார், இரண்டாவதில் பெரியப்பா சரி ஆனால் கைக்குழந்தை திரும்பிவிட்டது, மூன்றாவதில் எல்லாரும் சரி, மாப்பிள்ளை மட்டும் அடுத்து ஏறி வருபவரைப் பார்க்கிறார். இதற்கு டிஜிகேமில் இருக்கும் லைட் டேபிள் அருமையான சாதனம். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றதும் அதே அளவு பெரிதாகும், ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாக ஓட்டிக்கொண்டே போனால் எது தேறும் என்பது தெரிந்துவிடும். ஆல்பம் வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான், அதனால் இந்த இடத்தில் அவசரப்பட மாட்டேன்.

இதையெல்லாம் இயந்திரமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். டிஜிகேமிலேயே இமேஜ் குவாலிட்டி சார்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. மங்கல், நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்), வெளிச்சத்தின் அளவு, கம்ப்ரஷன் இவற்றை அளந்து படத்துக்குக் கழிவு, தேர்வு முத்திரையைத் தானே குத்தும். கண் மூடியிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துத் தரும் கட்டண மென்பொருள்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. என் கருத்து தெளிவானது: நம் கல்யாணங்களுக்கு இவற்றை நம்பக் கூடாது. தாலி கட்டும் நேரத்தில் பெண் தலை குனிந்திருப்பாள், இமை தாழ்ந்திருக்கும். கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கணக்குக்கு அது கண் மூடிய படம். ஹோமத்தின் முன்னால் கைகூப்பி நிற்கிற அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடித்தான் இருப்பார்கள். ஹோமப் புகை பரவிய படம் அளவுகோலுக்கு மங்கலான படம். நாலா பக்கமும் அட்சதை பறக்கும்போது முகத்துக்கு முன்னால் நான்கு அரிசி நின்றுவிட்டால் ஃபோகஸ் அரிசியில் போய்விட்டதா முகத்தில் இருக்கிறதா என்பதைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த ஒரு நிமிடத்துக்குள் எடுத்த ஐம்பது அறுபது படம்தான் மொத்த ஆல்பத்துக்கும் உயிர், அதை ஒரு எண்ணின் கையில் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ரிசப்ஷன் மேடைப் படங்களுக்கு வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள், முகூர்த்தத்துக்கு வேண்டாம்.

அதே நேரத்தில் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை இயந்திரத்திடமே விட வேண்டும். இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு வருகிற பெரிய தொல்லை கடிகாரம். ஒன்று நான்கு நிமிடம் முன்னால் ஓடும், இரண்டாவது ஆள் கொண்டுவந்த கேமராவில் தேதியே வேறாக இருக்கும். நேரப்படி அடுக்கினால் மாலை மாற்றுவதற்கு முன்னாலேயே தாலி கட்டி முடிந்திருக்கும். கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. டிஜிகேமில் தேதியும் நேரமும் திருத்தும் கருவி இருக்கிறது, அதில் ஒரு நல்ல யோசனையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்: வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கேமராவாலும் செல்போனில் ஓடும் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு அந்தப் படத்தைக் காட்டி, அதில் தெரியும் நேரத்தை உள்ளிட்டால் போதும், கேமராவின் நேரத்துக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அதுவே கண்டுபிடித்து, தேர்ந்தெடுத்த எல்லாப் படத்துக்கும் கூட்டிக் கழித்துவிடும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எங்கள் முதல் கிளிக் கடிகாரம்தான்.

நேரம் சரியான பிறகு பெயர் மாற்றம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் தேதியும் வரிசை எண்ணுமாகப் பெயர் வைத்துக்கொள்ளலாம். இதை வாடிக்கையாளருக்குக் காட்டும் முன்பே செய்துவிடுங்கள். வீட்டுக்காரர்கள் தேர்வு செய்து போனில் எண்களைப் படிப்பார்கள்; இரண்டு கேமராவிலும் 1042 என்று ஒரு படம் இருந்தால் எது என்று யாருக்கும் தெரியாது.

முகங்களை அடையாளம் காணும் வசதி, செலக்‌ஷனைவிடப் பிறகு வரும் தேடலுக்குத்தான் அதிகம் உதவுகிறது. 2020-ல் வந்த 7-ஆம் பதிப்பில் ஆழ்கற்றல் முறைக்கு மாறிய பிறகுதான் இது உருப்படியானது. முதன்முறை அதற்குத் தேவையான மாடல் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும், அதன் பிறகு எல்லாக் கணக்கும் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும், படம் எதுவும் வெளியே போகாது. இது எனக்கு முக்கியம். ஒரு வீட்டுக் கல்யாணத்தின் முகங்கள் அத்தனையும் முன்பின் தெரியாத ஒரு சர்வரில் ஏறுவதை அந்த வீட்டார் சம்மதம் கேட்காமல் நான் செய்ய மாட்டேன். பயன்படுத்தும் விதம் இதுதான்: முகங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி இரவில் ஓட விட்டுவிடலாம், காலையில் மாப்பிள்ளை, பெண், இரு பக்க அப்பா அம்மா, தாத்தா பாட்டி என்று முக்கியமானவர்களுக்கு மட்டும் ஆளுக்குச் சில முகத்தில் பெயர் எழுதிவிட்டு, மற்றதில் தேடச் சொல்ல வேண்டும். அது "இவர்தானா?" என்று கேட்டு வரிசையாகக் காட்டும், நாம் உறுதி செய்ய வேண்டும். அக்கா தங்கையைக் குழப்பும், பக்கவாட்டு முகத்தைத் தவறவிடும், அதனால் உறுதி செய்யும் வேலையைத் தவிர்க்கவே முடியாது. ஆனாலும் "எங்க தாத்தா இருக்கிற படமெல்லாம் தனியாக் கொடுங்கண்ணே" என்று கேட்டு ஒரு போன் வரும்போது இதன் அருமை தெரியும். அந்தக் கேள்வி எப்போது வரும், ஏன் வரும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயரில் ஒரு கிளிக், தாத்தா மேடையில் நின்றது, பந்தியில் உட்கார்ந்தது, ஓரமாக நாற்காலியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது எல்லாம் வந்து நிற்கும். ஆல்பத்தில் சேராத படங்களும் அதில் வரும், அவர்கள் கேட்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.

ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்கும் தேடலும் உண்டு. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் நம் படத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் இது கை கொடுக்கும். முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கைரேகை போல அடையாளம் எடுக்கும், அது நேரம் பிடிக்கும், பிறகு எவ்வளவு சதவீதம் ஒத்திருந்தால் காட்ட வேண்டும் என்பதை நாம் வைக்கலாம். தொடர்ச்சியாக அடித்த படங்களும் ஒத்துப்போவதால் காட்டியதை எல்லாம் அப்படியே அழித்துவிடாதீர்கள்.

இப்போது கரெக்‌ஷன். இங்கே டிஜிகேம் போதாது. உள்ளேயே ஒரு எடிட்டர் இருக்கிறது, ஒன்றிரண்டு படத்தைச் சாய்வு நிமிர்த்த, கிராப் செய்ய அது சரி. நானூறு ரா படத்தைக் கலர் சரிசெய்ய அது ஏற்ற இடம் இல்லை. நான் அதற்கு டார்க்டேபிள் என்ற ரா எடிட்டருக்குப் போகிறேன், அதுவும் இலவசம். கற்றுக்கொள்ளக் கஷ்டமானது, அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் நிறத்தில் அது தரும் கட்டுப்பாடு அந்தக் கஷ்டத்துக்குத் தகும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். ஒரு முறை காசு கொடுத்து வாங்கும் லைட்ரூம் 6-ஆம் பதிப்போடு முடிந்தது, 2017-லிருந்து சந்தா மட்டும்தான் என்பதை வருடக் கணக்கில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சீசன் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எதில் செய்தாலும் வேலையைச் சுருக்கும் வழி ஒன்றுதான்: படத்தை ஒவ்வொன்றாகத் திருத்தாமல் வெளிச்சத்தை வைத்துத் திருத்துவது. ஒரு கல்யாணத்தில் அதிகம் போனால் ஆறேழு விதமான வெளிச்சம் இருக்கும். ரிசப்ஷன் மேடையில் பின்னால் எல்இடி சுவர் ஊதா, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்கும், அந்த நிறம் கன்னத்திலும் கழுத்திலும் ஏறி நிற்கும். முகூர்த்த மேடையில் வீடியோ லைட்டின் வெளிச்சம், பந்தியில் ட்யூப்லைட், வாசலில் காலை வெயில். டிஜிகேமில் செலக்‌ஷன் செய்யும்போதே கலர் லேபிளால் இந்த வெளிச்சங்களைப் பிரித்துவிடுவேன், ஒரு கூட்டத்தில் ஒரு படத்தை மட்டும் உட்கார்ந்து சரியாகச் செய்துவிட்டு, டார்க்டேபிளில் கண்ட்ரோல் சி, மற்றவற்றைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் வி. பிறகு வெளிச்சம் கூடக் குறைய இருப்பதை மட்டும் ஒரு பார்வை. எல்இடி சுவர் படங்கள் மட்டும் இதற்கு அடங்காது. ஒரு நொடியில் நிறம் மாறிவிடுவதால் அடுத்தடுத்த இரண்டு படத்துக்கே ஒரே திருத்தம் பொருந்தாது, அங்கே தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும். பட்டுப்புடவையின் நிறத்தில் கை வைக்கும்போது மட்டும் கவனம். அரக்குச் சிவப்பு புடவையை ஆரஞ்சாக்கிவிட்டால் பெண் வீட்டார் மன்னிக்க மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்.

இரண்டு மென்பொருளும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஜிகேம் தன் குறிப்புகளை ஒரு தரவுத்தளத்தில் வைக்கிறது. படத்தோடும் அது எழுதப்பட வேண்டுமானால் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதியில் போய்ச் சொல்ல வேண்டும். ரா ஃபைலைத் தொடாமல் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பில் எழுதச் சொல்வதுதான் நல்லது. தரவுத்தளம் கெட்டுப்போனாலும் நட்சத்திரமும் பெயர்களும் படத்தோடு இருக்கும். டார்க்டேபிளும் டிஜிகேமும் இந்தக் கோப்புக்கு ஒரே மாதிரிப் பெயர்தான் வைக்கின்றன, அதனால் டிஜிகேமில் போட்ட நட்சத்திரம் டார்க்டேபிளில் படத்தைச் சேர்க்கும்போது அப்படியே வந்துவிடும். லைட்ரூம் பெயர் வைக்கும் முறை வேறு, அதற்கேற்ப மாற்றிக்கொள்ள டிஜிகேமில் ஒரு தேர்வு இருக்கிறது. இன்னொன்று, தேர்வு, கழிவு முத்திரை டிஜிகேமின் சொந்த ஏற்பாடு. நட்சத்திரம்தான் எல்லாருக்கும் பொது. ஆகவே இரண்டாம் சுற்று முடிந்ததும் தேறிய படங்களை மொத்தமாகப் பிடித்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளருக்குப் பார்க்க அனுப்பும் சிறிய படங்களை டிஜிகேமில் இருக்கும் பேட்ச் க்யூ மேனேஜர் செய்துவிடும். அளவைக் குறைத்து, ஸ்டூடியோ பெயரை ஓரத்தில் போட்டு, எண் மாறாமல் ஜேபெக்காகக் கொடுக்க ஒரு முறை அமைத்துச் சேமித்துவிட்டால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதையே ஓட்டலாம்.

குறை என்றால் முதல் குறை தோற்றம். நான்கு பக்கமும் பட்டை, ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட தாவல், மெனுவுக்குள் மெனு; புதிதாக வருபவர்கள் மிரண்டு போவார்கள். வலப்பக்கத்தில் கேப்ஷன் பகுதியையும் ஃபில்டர் பகுதியையும் தவிர மற்றதை முதல் மாதம் தொடாமலே இருக்கலாம். இரண்டாவது, பெரிய தொகுப்பை முதன்முறை காட்டும்போது எல்லாப் படத்தையும் படித்துப் பதிய நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் மற்ற வேலைகளும் மந்தமாகும். மூன்றாவது, தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஒரு சர்வீஸ் சென்டர் கிடையாது. கையேடு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஆங்கிலம் படிக்கத் தயங்கும் உதவியாளரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

நிறுவும்போது தரவுத்தளத்தை எஸ்எஸ்டியில் வையுங்கள், படங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தாலும் பரவாயில்லை. கழற்றி மாட்டும் டிஸ்கை அப்படிப்பட்டது என்று சொல்லியே சேர்க்க முடியும், கழற்றிய பிறகும் பதிவுகள் போய்விடாது. சாதாரணமாக அது பயன்படுத்தும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை நெட்வொர்க் டிரைவில் மட்டும் வைக்காதீர்கள், இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் சேர்ந்து வேலை செய்யும் ஸ்டூடியோ என்றால் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற சர்வர் தரவுத்தளத்தை அமைத்துக்கொள்வதுதான் வழி, அதற்கு விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். பழகுவதற்கு, கையில் இருக்கும் புது வேலையைப் போடாமல், டெலிவரி முடிந்த பழைய கல்யாணம் ஒன்றின் நகலைப் போட்டு முழுதாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எந்த விசை உங்கள் கைக்கு ஒத்து வருகிறது, எதை மாற்ற வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.